தராசுக்காரர் வீட்டுத் தராசு

கடைத்தெருவின் கடைசியில், ஒரு சைக்கிள் கடைக்கும் பூட்டியே கிடக்கும் ஓர் அச்சகத்துக்கும் நடுவில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில் தராசு பழுது பார்க்கிறவர் அவர். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தராசுக்காரர் என்றால் போதும், சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். பழக்கடைத் தராசு, இறைச்சிக் கடைத் தராசு, நகைக்கடையின் கண்ணாடிக் கூண்டுத் தராசு, மாவு மில்லின் மேடைத் தராசு, பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகள் ஏறி நிற்கிற தராசு, எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை அவர் கைக்கு வந்தாக வேண்டும். அவர் பார்த்து, சரி செய்து, ஈய முத்திரை குத்தினால்தான் அது தராசு, இல்லாவிட்டால் வெறும் இரும்பு என்பது அவர் கட்சி.

மனிதர் முசுடு. வேலையில் படு சுத்தம். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ கடைக்காரர்கள் இளித்துக்கொண்டு வந்து, "ஒரு அம்பது கிராம் நம்ம பக்கம் சாயற மாதிரி பண்ணிக் குடுங்களேன், யாருக்குத் தெரியப் போகுது" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் தலையை நிமிர்த்தாமலே, "எனக்குத் தெரியும்ல" என்பார். அதோடு பேச்சு முடிந்தது. எடைக்குச் சம்பந்தமே இல்லாத சண்டைக்கும் தெருவில் அவரைக் கூப்பிட்டு நியாயம் கேட்பார்கள். நியாயக்காரர் என்ற இந்தப் பெயர் அவருக்கு உள்ளூர ரொம்பப் பிடிக்கும். பிடிக்காது என்று அவரே சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அவருக்கு ஒரு பழக்கம். கடைக்கு யார் பிள்ளையோடு வந்தாலும், பிள்ளையைத் தூக்கி மேடைத் தராசில் நிற்க வைத்து, எடையைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். பிள்ளை சிரிக்கும், கூட வந்தவர்களும் சிரிப்பார்கள். சொந்த மகனுக்கு இது வாரம் தவறாமல் நடந்தது. ஒரே பிள்ளை, கொழுகொழுவென்று இருப்பான். ஐந்து வயதில் ஒருநாள் அவனை ஏற்றிப் பார்த்துவிட்டு, "அரை மூட்டை மாவு இருக்காண்டா" என்றார். அன்றிலிருந்து அவன் மூட்டை. வீட்டில் மூட்டை, தெருவில் மூட்டை, தெருப் பிள்ளைகள் வழியாகப் பள்ளிக்கூடத்திலும் மூட்டை. ஆசையாகத்தான் வைத்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் செல்லப் பெயர் வைக்கிறவருக்கு இனிக்கிற மாதிரியே சுமக்கிறவனுக்கும் இனிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. நாம் அவனை அப்படிக் கூப்பிட வேண்டாம், மகன் என்றே சொல்வோம்.

பதினாறு முடிகிற சமயத்தில் மகன் இளைக்க ஆரம்பித்தான். விடிகாலையில் எழுந்து ஓடினான். எண்ணெய் வேண்டாம் என்றான், இனிப்பை ஒதுக்கினான். "பரவாயில்லையே, ஆளே மாறிட்டானே" என்று தெருவே மெச்சியது. தராசுக்காரருக்கும் பெருமை தாங்கவில்லை. அந்த வேளையில்தான் மகன் அவரிடம் வந்து கேட்டான்.

"அப்பா, வீட்டுக்கு ஒரு தராசு வேணும். கரெக்டா காட்டறதா."

மகன் அவரிடம் வாய் திறந்து ஒன்று கேட்டே வெகுநாள் ஆகியிருந்தது. அவர் கடையில் இருந்ததிலேயே நல்லதைப் பொறுக்கி, ஐம்பது கிராம் பிசகாமல் சரி செய்து, துணியால் துடைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். குளியலறை வாசலில் வைத்தார்கள். மகன் ஏறி நின்று எண்ணைப் பார்த்துவிட்டு இறங்கினான். அந்த எண் என்ன என்று இந்தக் கதையில் எங்கேயும் வராது. அந்த வீட்டில் எண்கள் போட்ட ஆட்டம் போதும், இங்கேயும் எதற்கு.

முதலில் விழித்துக்கொண்டவள் அவன் அம்மா. அவள் ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். ஊர்ச் சட்டைகளையெல்லாம் தடவித் தடவி, துணி உடம்பில் எப்படி உட்கார்ந்து தேய்ந்திருக்கிறது என்று விரலாலேயே தெரிந்துகொள்கிறவள். மகனின் பெல்ட்டில் கடைக்காரன் போட்ட ஓட்டைகளைத் தாண்டி, சூடான ஆணியால் குத்தின புது ஓட்டைகள் மூன்று இருப்பதை அவள்தான் பார்த்தாள். நல்ல வெயிலில் அவன் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும், சீப்பில் கொத்தாக முடி வருவதையும் பார்த்தாள். ஒருநாள் அவன் கால்சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் கை விட்டால், காகிதத்தில் சுற்றின முட்டை. முந்தின நாள் ராத்திரி அவள் தட்டில் வைத்த முட்டை. அவன் சாப்பிட்டேன் என்று சொன்ன முட்டை.

"என்னங்க, இது சரியில்ல. அவன் இளைக்கல, உருகிட்டு இருக்கான்" என்றாள்.

"வயசுப் பையன். இந்த வயசுல எல்லாருக்கும் கண்ணாடி மேலதான் கண்ணு இருக்கும். தானா சரியாயிடும்."

தானாகச் சரியாகவில்லை. சாப்பாட்டு வேளை வந்தாலே வீட்டில் மூச்சு முட்டியது. மகன் ரொட்டியை நகக்கண் அளவுக்குக் கிள்ளிக் கிள்ளித் தட்டில் பரப்புவான். அம்மா கெஞ்சுவாள். அப்பா ஒருநாள் மேசையில் ஓங்கி அடித்து, "சாப்பிடுடா" என்று கத்தினார். மகன் எழுந்து போய்த் தராசில் ஏறி நின்றான். ஒரு நாளைக்கு ஒருமுறை என்றிருந்தது, ஏழு எட்டு முறை என்று ஆகியிருந்தது. தண்ணீர் குடித்தால் ஒருமுறை, குளித்தால் ஒருமுறை. எண் நேற்றைவிட ஒரு இம்மி கூடியிருந்தால் அன்றைக்கு அவன் யாரோடும் பேச மாட்டான்.

அம்மாதான் இருவரையும் தரதரவென்று இழுக்காத குறையாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் நடுவயசுப் பெண்மணி. சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். மகனைத் தராசில் முகப்புக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னார், எண்ணை அவனுக்குச் சொல்லவில்லை. பிறகு அவனை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பெற்றவர்களைப் பார்த்தார்.

"இது அடமும் இல்ல, திமிரும் இல்ல. நோய். பொண்ணுங்களுக்குத்தான் வரும்னு நினைச்சுட்டு இருக்காங்க, பையன்களுக்கும் வரும். அவன் இதயம் ரொம்ப மெதுவாத் துடிக்குது. இன்னும் கீழ போச்சுன்னா திடீர்னு நின்னுபோகக்கூட வாய்ப்பு இருக்கு. வாரா வாரம் கூட்டிட்டு வாங்க. வீட்டுல தராசு இருக்கா?"

"இருக்கு" என்றாள் அம்மா.

"அதை இன்னைக்கே வெளிய தூக்கிப் போடுங்க. அதுதான் இப்ப அவனுக்கு எஜமான்."

திடீரென்று நின்றுபோகலாம் என்ற வார்த்தை தராசுக்காரரின் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தராசைத் தூக்கினார். மகன் ஓடிவந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அந்தக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"அப்பா, இதை எடுத்துடாதீங்கப்பா. இது இருக்கறதாலதான் நான் கொஞ்சமாவது சாப்பிடறேன். நம்பர் ஏறலன்னு தெரிஞ்சாத்தான் தைரியமா சாப்பிட முடியுது. எடுத்துட்டீங்கன்னா அதுவும் முடியாது. சத்தியமா முடியாதுப்பா."

அழுதான். பத்து வயதுக்குப் பிறகு அவன் அழுது அவர் பார்த்ததில்லை. அம்மா, "விடாதீங்க, எடுங்க" என்றாள். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்" என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆண்பிள்ளைகள் சொல்கிற இடத்தில்தான் பாதிக் குடும்பங்கள் குப்புற விழுகின்றன.

இரண்டு நாள் அவர் கடையில் உட்கார்ந்து யோசித்தார். நம்பர் ஏறவில்லை என்று தெரிந்தால் சாப்பிடுவேன் என்கிறான் பிள்ளை. ஏறாமல் பார்த்துக்கொள்ள உலகத்திலேயே ஒருத்தரால் முடியும் என்றால் அது யார்? வேறு எந்தத் தகப்பனுக்கும் இந்த எண்ணம் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தாலும் கை வேலை தெரிந்திருக்காது. இவருக்குத் தெரியும், அதுதான் வினை.

வியாழக்கிழமை, மகன் பள்ளிக்கும் மனைவி வேலைக்கும் போன பிறகு, எடைக்கற்களைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தராசைக் கவிழ்த்து நாலு திருகாணிகளைக் கழற்றினார். ஆள் ஏறாதபோது சைபர்தான் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மகன் கண்டுபிடித்துவிடுவான். அதனால் சைபரைத் தொடவில்லை. இருபது கிலோ வைக்கப் போகிறேன் என்று தராசிடம் பொத்தானை அழுத்திச் சொல்லிவிட்டு, மேலே அதைவிடக் கூடுதலாகக் கற்களை அடுக்கினார். தராசு பாவம், நம்பிக்கொண்டது. இனி யார் ஏறினாலும் அது குறைத்துத்தான் சொல்லும், மகன் அளவுக்கு இரண்டு கிலோ போல. அந்த இரண்டு கிலோவை அவன் பயமில்லாமல் சாப்பிட்டு ஏற்றிக்கொள்ளலாம் என்பது கணக்கு. திருகாணிகளைத் திரும்ப முடுக்கினார். இருபத்தாறு வருஷத்தில் முதல் பொய்த் தராசு. வேலியே பயிரை மேய்கிறது என்று அவருக்கே தோன்றியது. பிள்ளைக்காகத்தானே என்று மனசைத் தட்டிக் கொடுத்துக்கொண்டார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை மகன் தராசில் ஏறினான். அவர் சமையலறையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். முதலில் சத்தமே இல்லை. இறங்கி மறுபடி ஏறுகிற சத்தம். பிறகு மகன் வெளியே வந்தான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மாதக் கணக்காக அந்த வீட்டில் யாரும் பார்க்காத முகம். மேசையில் உட்கார்ந்து, "அம்மா, முட்டை இருக்கா" என்று கேட்டான். இரண்டு முட்டை சாப்பிட்டான். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தராசுக்காரர் கடைக்குப் போகிற வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே போனார். டாக்டருக்கு என்ன தெரியும், படித்தவர்கள் எல்லாம் புத்தகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள் என்றுகூட நினைத்தார்.

அந்தச் சந்தோஷம் மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள் மகன் அரை டம்ளர் பாலோடு எழுந்துகொண்டான். ஐந்தாம் நாள் அதுவும் இல்லை.

"என்னடா, நம்பர்தான் குறைஞ்சிருக்கே, சாப்பிடேன்" என்றார், தனக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்டுவிடுவானோ என்ற பயத்தோடு.

மகன் கேட்கவில்லை. அவனுக்குத் தன் எண்ணைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடைத்ததே பெரிதாக இருந்தது. "அதாம்ப்பா. இத்தனை நாளா இறங்கவே இல்ல, இப்பத்தான் இறங்குது. இப்பப் போய் விட்டா எப்படி? இன்னும் ஒண்ணே ஒண்ணு இறங்கட்டும், அப்புறம் நிறுத்திடறேன்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. தான் கொடுத்த இரண்டு கிலோவை மகன் இடைவெளியாக எடுத்துக்கொள்ளவில்லை, வெற்றியாக எடுத்துக்கொண்டான். நேற்றுவரை எந்த எண் தரையாக இருந்ததோ அது இன்றைக்குக் கூரையாகிவிட்டது. அதற்கு மேலே போகக் கூடாது, கீழேதான் போக வேண்டும்.

சரி, பழையபடி திருத்தி வைத்துவிடலாம் என்றால், அங்கேதான் மாட்டிக்கொண்டார். திருத்தினால் விடிந்ததும் தராசு ஒரே ராத்திரியில் இரண்டு கிலோ ஏறிவிட்டதாகச் சொல்லும். இம்மி ஏறினாலே ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடக்கிற பிள்ளை, இரண்டு கிலோவைப் பார்த்தால் என்ன செய்துகொள்வான்? வைத்திருக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. புலி வாலைப் பிடித்தவன் பாடு.

தினம் நூறு கிராமாகத் திருத்திப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. முதல் நூறு கிராமைத் திருத்தின அன்று மகன் தராசில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மூன்று முறை பார்த்தான். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, நேத்து நான் என்ன சாப்பிட்டேன்?"

"ஒரு ஆப்பிள். அரை முட்டை."

"அந்த அரை முட்டைதான்" என்றான்.

அன்று சாயங்காலம் வீட்டு மாடிப்படிகளில் ஏறி இறங்க ஆரம்பித்தான். ஒரு மணி நேரம். தராசுக்காரர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தடுக்கப் போனால் அவரைத் தாண்டிக்கொண்டு ஏறினான். தன்னுடைய நூறு கிராம் பிள்ளையை எத்தனை படி ஏற வைக்கிறது என்று பார்த்தார். அதற்குப் பிறகு தராசைத் தொடவில்லை.

வாராவாரம் டாக்டர் மகனை முதுகு திருப்பி நிற்க வைத்தார், எண்ணைப் பார்த்து உதட்டைக் கடித்தார். இரண்டாவது வாரம் கேட்டார்: "வேகமாக் குறையுதே. வீட்டுத் தராசைத்தான் எடுத்துட்டீங்களே?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் தராசுக்காரர் முந்திக்கொண்டார். "எடுத்தாச்சு டாக்டர்."

வெளியே வந்ததும் அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "ஏன் பொய் சொன்னீங்க?"

"எடுத்துடுவேன். ரெண்டு நாள் குடு."

ரெண்டு நாள், நாலு நாள் என்று போயிற்று. இன்றைக்கு இவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைப்பார், ஒவ்வொரு ராத்திரியும் நாளைக்கு என்று தள்ளுவார். கடையில் வேலை ஓடவில்லை. பழக்கடைக்காரர் ஒருத்தர் வழக்கமான வேடிக்கையாக, "என்ன, நம்ம பக்கம் கொஞ்சம் சாய்க்கறது" என்று கேட்டதற்கு, "வெளிய போய்யா" என்று எழுந்து நின்று கத்திவிட்டார். அந்த ஆள் திகைத்துப்போய்த் தராசை விட்டுவிட்டே போனார். தெருவில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தன்னைத் தவிர வேறு யாரிடம் அவர் அப்படிக் கத்தியிருக்க வேண்டும்?

இருபத்து மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. மகன் வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் போய், நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். தராசுக்காரர் கடையைப் பூட்டக்கூட இல்லை. ஓடினார். வழியில் சலவை நிலையத்தில் மனைவியைக் கூட்டிக்கொண்டார். இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா என்று அவள் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். அவளுக்கு வேறு எதையும் கேட்கத் தைரியமில்லை.

மகன் கண் விழித்திருந்தான். நெஞ்சில் ஒயர்கள். கட்டிலுக்கு மேலே ஒரு கருவி அவன் துடிப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருந்த நேரம், பார்க்கிறவர்களுக்குத்தான் தாங்கவில்லை. மருந்தின் அளவுக்காக இரண்டு பேர் பிடித்து அவனைத் தராசில் நிற்க வைத்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ், விவரம் தெரியாமல் எண்ணை வாய்விட்டுப் படித்துவிட்டாள்.

மகன் விறைத்துப்போனான். கட்டிலில் படுக்க வைத்ததும் இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். டிரிப் போட வந்தவர்களால் கையை எடுக்க முடியவில்லை. பலவந்தப்படுத்தினால் துடிப்பு தாறுமாறாகிறது. டாக்டர் ஓடிவந்தார்.

"எனக்கு எதுவும் வேணாம். தண்ணிகூட வேணாம்" என்றான் மகன். உதடு காய்ந்து பேச்சு குழறியது. "காலையில வீட்டுல பாத்தேன். அதைவிட ரெண்டு கிலோ அதிகம் சொல்றாங்க. ஒரு காலைல ரெண்டு கிலோ ஏறுமா?"

"தம்பி, இப்ப அது முக்கியம் இல்ல" என்றார் டாக்டர். "வீட்டுலயா பாத்தே?" என்று திரும்பித் தராசுக்காரரைப் பார்த்தார்.

"இந்தத் தராசு தப்பு" என்றான் மகன். "அப்பா, நீங்க சொல்லுங்க. வருஷா வருஷம் நீங்கதானே இதைப் பாக்கறீங்க. தப்புத்தானே? தப்புன்னு நீங்க சொன்னீங்கன்னா ஊசி போட்டுக்கறேன். நீங்க குடுத்த வீட்டுத் தராசு தப்பா சொல்லாதுப்பா."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அந்த ஆஸ்பத்திரித் தராசின் அடியில் அவர் கையால் குத்தின முத்திரை இருக்கிறது, போன மாதம் குத்தியது. தப்பு என்று ஒரு வார்த்தை. அதற்கு மகன் கையை நீட்டுவான், டிரிப் ஏறும், இந்த நிமிஷம் பிழைத்துவிடுவான். மனைவியின் கண் சொல்லுங்களேன் என்று கெஞ்சியது. அவருக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

மகனின் முகத்தைப் பார்த்தார். அதில் ஓர் ஆசை தெரிந்தது, அந்த இரண்டு கிலோ பொய்யாக இருக்க வேண்டுமே என்ற ஆசை. தப்பு என்று சொன்னால் அந்த முகத்தில் வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தை அவர் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட்டார். அதுதான் அவனை இந்தக் கட்டிலில் கொண்டுவந்து போட்டிருக்கிறது.

"இந்தத் தராசு சரிடா" என்றார். "வீட்டுத் தராசுதான் பொய். நான்தான் அதைக் குறைச்சுக் காட்டற மாதிரி மாத்தி வெச்சேன்."



"என்ன பண்ணினீங்க?" என்றாள் மனைவி.

"ஏறலன்னு தெரிஞ்சா சாப்பிடுவான்னு நினைச்சேன்."

மகன் அவரையே பார்த்தான். "எப்போ?"

"இருபத்திமூணு நாள் ஆச்சு. ஒரு வியாழக்கிழமை."

"மறுநாள் நான் ரெண்டு முட்டை சாப்பிட்டேன்" என்றான் மகன் மெதுவாக. "அன்னைக்கு நான் எவ்ளோ சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? அதெல்லாம் நீங்க பண்ணினதா?"

மகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். கை போர்வைக்குள்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் உடனே எல்லாம் நேராகிவிடும் என்பது கதையில்தான். இங்கே துடிப்பு இன்னும் இறங்கியது. டாக்டர் கருவியைப் பார்த்தார், நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். தராசுக்காரர் தன் வாயாலேயே பிள்ளையைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்தார். அப்படியேதான் நினைத்தார்.

மனைவிதான் கட்டிலைச் சுற்றிப் போய்ச் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த சந்தில் தன்னைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். மகனின் முகத்துக்கு நேரே அவள் முகம்.

"அவரைப் பாக்க வேணாம். நம்பரும் வேணாம். என்னைப் பாரு. பயமா இருக்கா?"

மகன் தலையை அசைத்தான்.

"எனக்கும்தான். கையைக் குடு."

கை வெளியே வந்தது. நர்ஸ் விரைந்தாள். ஊசி உள்ளே போகும்போது மகன் ஒன்றுதான் சொன்னான்: "அவரை வெளிய போகச் சொல்லும்மா."

வெளியே போனார். ஒன்பது நாள் நடைபாதை பெஞ்சில்தான் குடியிருந்தார். டாக்டர் வந்து, "என்கிட்ட எடுத்தாச்சுன்னு சொன்னீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மனைவி அவ்வளவு சுருக்கமாக விடவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே அதைத் தூக்கிக் குப்பையில போட்டிருப்பேன். நம்ம புள்ளை ஒண்ணும் ரிப்பேருக்கு வந்த சாமான் இல்ல, நீங்க ரகசியமாத் திருகி வெக்கறதுக்கு" என்றாள். அவர் வாங்கிக்கொண்டார். இரண்டாம் நாள் வீட்டுக்குப் போய் அந்தத் தராசைக் கழற்றி, துண்டு துண்டாகப் பிரித்து, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வந்தார். மனசு ஆறவில்லை.

துடிப்பு மெல்ல மெல்ல ஏறிற்று. பத்தாம் நாள் டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். இனிமேல் மகன், மூக்கு வழியாக உணவு செலுத்துகிற குழாய் இல்லாமல், வாயால் சாப்பிட்டுப் பழக வேண்டும். சாப்பிடும்போது வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே இருக்க வேண்டும், மூன்று வேளையும், மாதக் கணக்கில். அம்மாவால் மதிய வேளைக்கு வர முடியாது, லீவு முடிந்துவிட்டது. யார் வேண்டும் என்று மகனைத்தான் கேட்க வேண்டும்.

அம்மா உள்ளே போய்க் கேட்டுவிட்டுக் கதவருகில் வந்து நின்றாள். "உங்களை வரச் சொல்றான். ஆனா தட்டைப் பாக்கக் கூடாதாம். எவ்ளோ சாப்பிட்டேன்னு கேக்கக் கூடாதாம். ஜன்னல் பக்கம் திரும்பி உக்காரணுமாம்."

அவர் எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. உள்ளே போய், நாற்காலியை ஜன்னலுக்கு நேரே திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வெளியே வண்டிகள் நிற்கிற இடம். பின்னால் நர்ஸ் தட்டை வைத்துவிட்டுப் போகிற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டார். அவர் பின்கழுத்தில் மகனின் பார்வை ஊர்வது தெரிந்தது. ஸ்பூன் தட்டில் பட்டது. நின்றது. வெகுநேரம் கழித்து மறுபடி பட்டது. மெல்லுகிறானா, காகிதத்தில் சுற்றுகிறானா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பினால் தெரிந்துவிடும். அரை மணி நேரம் அப்படிப் போயிற்று.

"பாதி சாப்பிட்டேன்" என்றது மகனின் குரல்.

"சரிடா."

"நம்பறீங்களா?"

"நம்பறேன்" என்றார். உண்மையில் அவருக்குத் தெரியாது. கழுத்து வலித்தது. திரும்பாமலே உட்கார்ந்திருந்தார்.